தேதி கேட்காதீர்கள்

கிறிஸ்துவின் வருகைக்குத் தேதி குறித்து மறுபடியும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர் தானியேல் 8:14-ன் 2300 நாட்களை வருஷங்களாகக் கணக்கிட்டுப் பிரசங்கித்தார். கடைசியில் அவருடைய கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று தேதியே குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார்கள். விடிந்தபோது அழுதார்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று ஆண்டவரே சொல்லியிருக்க (மாற்கு 13:32), நமக்கு எதற்கு அந்தக் கணக்கு? 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரோல்ட் கேம்பிங் அறிவித்ததும் அப்படித்தான் போனது.

மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையைக் கவனியுங்கள். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும்கூட! தூங்கியதற்காக யாரும் வெளியே தள்ளப்படவில்லை. விளக்குக்கு எண்ணெய் இருந்ததா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஆச்சி ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போடுவதற்கு முன், பால்காரருக்குத் தரவேண்டிய பாக்கியை எண்ணி மாடத்தில் வைப்பாள். பக்கத்து வீட்டில் மனஸ்தாபம் என்றால், எந்நேரமானாலும் போய்ப் பேசிவிட்டுத்தான் வருவாள். "ராத்திரியே கர்த்தர் வந்துட்டா?" என்பாள். அவள் குரலில் பயமே இருக்காது.

அடுத்த முறை வருகையைப் பற்றிப் பேச உட்காரும்போது மத்தேயு 25-ஐ முழுசாக வாசியுங்கள். பசித்தவன், அந்நியன், சிறையில் இருப்பவன் எல்லாரும் அந்த அதிகாரத்தில்தான் வருகிறார்கள்.