குடலும் குழலும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்குமுன் தோவாளை என்னும் ஊர் அமைந்துள்ளது. கதிரவன் எழுமுன்பே அவ்வூர்ப் பூச்சந்தை விழித்துக்கொள்ளும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் அங்கே குவியல் குவியலாக வந்து இறங்கும். பொழுது புலர்வதற்குள் அப்பூக்கள் விலையாகி, நாஞ்சில் நாட்டுக் கோயில்களுக்கும், கேரள நாட்டு அங்காடிகளுக்கும், நாகர்கோவில் மகளிரின் கூந்தலுக்கும் புறப்பட்டுவிடும்.

பூச்செடி வளர்ப்பவன் ஓர் உண்மையை நன்கு அறிவான். பிச்சிக்கொடியின் இலை வெளுத்தால் அவன் இலையைத் துடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அடியில் மண்ணைக் கிளறிப் பார்க்கிறான். வேரில் நீர் தேங்கியதா, எரு குறைந்ததா, புழு அரித்ததா என்று ஆராய்கிறான். நெற்பயிர் விளைக்கும் நாஞ்சில் உழவனும் அவ்வாறே செய்கிறான். ஆனால், அந்தப் பூவைச் சூடும் கூந்தல் மெலிந்து உதிரத் தொடங்கினால் மட்டும் மக்கள் வேரை மறந்து இலையையே துடைக்கின்றனர்.

முடி உதிர்கிறது என்றவுடன் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுகிறது. தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் செம்பருத்திப் பூவும் இட்டுக் காய்ச்சுகின்றனர். அதனால் பயன் காணாதவர் கடைத்தெருவில் விற்கும் வண்ண வண்ணப் புட்டிகளை நாடுகின்றனர். எண்ணெய் பயனற்றது என்று கூறுதல் தவறாகும். தேங்காயெண்ணெய் முடியிழைக்குள் ஓரளவு ஊடுருவி, தலை கழுவும்போது இழையிலுள்ள புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. முடி எளிதில் முறியாமலும் காக்கிறது. ஆயினும் காப்பது வேறு, ஊட்டுவது வேறு. எண்ணெய் முடியைக் காக்கும். உணவுதான் அதனை ஊட்டும்.

இதனை உணர்வதற்கு முடியின் இயல்பை அறிதல் வேண்டும். தோலுக்கு மேலே நீண்டு தொங்கும் முடிக்கு உயிர் இல்லை. ஆதலால்தான் அதனை வெட்டும்போது வலி தோன்றுவதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்குள்ளே சிறு குழியில் வேராக அமைந்திருக்கிறது. அந்த வேரை நுண்ணிய இரத்தக் குழாய்கள் சூழ்ந்துள்ளன. அங்குள்ள உயிரணுக்கள் இடையறாது பெருகி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, இறுகி, கெராட்டின் என்னும் புரத இழையாக வெளிவருகின்றன. மனிதன் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சில ஆண்டுகள் வளர்ந்த முடி, சில மாதங்கள் ஓய்ந்திருந்து, பின்பு உதிர்கிறது. அதன் குழியிலிருந்து புதிய முடி தோன்றுகிறது. நாள்தோறும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயற்கையே. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

முடிவேருக்கு வேண்டிய பொருள்களை இரத்தம் கொண்டுவருகிறது. இரத்தத்திற்கு அவற்றை அளிப்பது குடல். எனவே முடியின் உண்மையான சமையலறை வயிற்றிலேதான் இருக்கிறது. உண்ட பருப்பையும் மீனையும் உடல் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இரைப்பையில் சுரக்கும் அமிலமும் பெப்சினும் புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. சிறுகுடலில் அது அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற எண்ணற்ற உறிஞ்சிகள் உள்ளன. அவையே சத்துகளை இரத்தத்தில் சேர்க்கின்றன. சிறுகுடலின் முற்பகுதி இரும்புச்சத்தைப் பெரிதும் ஏற்கிறது. அதன் கடைப்பகுதி வைட்டமின் பி12-ஐ ஏற்கிறது. இவற்றுள் ஒரு பகுதி பழுதுற்றாலும், தட்டு நிறைய உண்பவன்கூடச் சத்துக் குறைந்தவன் ஆவான். உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு அன்றோ?

சத்துக் குறையும்போது முடி ஏன் விரைவில் வாடுகிறது? வறுமை வந்த குடும்பத்தின் தலைவி முதலில் அணிகலன் வாங்குவதை நிறுத்துகிறாள். பிள்ளைகளின் சோற்றை நிறுத்துவதில்லை. உடலும் அவ்வாறே நடந்துகொள்கிறது. இதயமும் மூளையும் நின்றால் உயிர் நிற்காது. முடி வளராவிட்டால் உயிர் போவதில்லை. மேலும், முடிவேரின் உயிரணுக்கள் மிக விரைவாகப் பெருகுபவை. ஆதலால் குறையை விரைவில் உணர்பவையும் அவையே.

குடற்காய்ச்சல் என்னும் டைபாய்டு இதற்கு நல்ல சான்றாகும். நாகர்கோவிலில் ஒரு மாணவி அந்நோயால் மூன்று வாரம் வருந்தி எழுந்தாள் என்று கொள்வோம். காய்ச்சல் தணிந்தது; பள்ளிக்கும் செல்லத் தொடங்கினாள். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. அவளுடைய தாய் புதிதாக வாங்கிய எண்ணெயைப் பழிக்கிறாள்; ஊர்த் தண்ணீரைப் பழிக்கிறாள். உண்மையில், நோய் வருத்திய நாள்களிலேயே பல முடிகள் ஒருங்கே வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குச் சென்றுவிட்டன. அவையே காலம் கழித்து உதிர்கின்றன. நல்லுணவு உண்டு உடல் தேறினால், பெரும்பாலும் சில திங்களில் முடி மீண்டும் அடர்ந்துவிடும். இதனை அறிந்த தாய் மகளை ஏளனத்திற்கு ஆளாக்காமல், ஆறுதல் கூறித் தேற்றுவாள்.

குடலுக்கும் குழலுக்கும் உள்ள தொடர்பை ஐயமின்றி விளக்கும் அரிய நோய் ஒன்றும் உண்டு. 1942-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் தான்போல்ட்டும் கிளாசும் அதனை விவரித்தனர். அந்நோயுற்ற குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு உண்டாகும், தோல் புண்ணாகும், தலைமுடி உதிர்ந்துபோகும். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1973-இல் இலண்டன் மருத்துவர் மொய்னகன் என்பவர் அதனைக் கண்டறிந்தார். உணவிலுள்ள துத்தநாகச் சத்தை ஏற்கும் ஆற்றல் அக்குழந்தைகளின் குடலுக்குப் பிறப்பிலேயே குறைவாக இருந்தது. துத்தநாகத்தை மருந்தாகக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு நின்றது, தோல் ஆறியது, முடியும் முளைத்தது. தலையில் ஒரு துளி மருந்தும் தடவாமலே முடி வளர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

வயிற்றின் துன்பத்தை நாஞ்சில் நாட்டைச் சூழ்ந்த பகுதி நெடுங்காலம் அறிந்திருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுவதை ஊக்குவித்தார். நெல் விளையாத மேட்டுநிலத்திலும் அது விளைந்து ஏழைகளின் பசியை ஆற்றியது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதால் பர்மா அரிசி வருவது நின்றபோது, பல குடும்பங்களுக்கு அதுவே உயிர் காத்த உணவாயிற்று. ஆனால் அக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. நூறு கிராம் கிழங்கில் ஏறத்தாழ ஒரு கிராம் புரதமே உண்டு. பசி தணிந்தது, உடல் வளரவில்லை.

நாகர்கோவிலுக்கு மேற்கே நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவப் பணி தொடங்கியது. 1922-இல் எவரெஸ்டு மலையேறும் குழுவில் பங்குகொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், ஊர் திரும்புமுன் நெய்யூரைக் காண வந்தார். மருத்துவமனையைச் சூழ்ந்து காத்திருந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு மனம் கலங்கினார். இலண்டனில் காத்திருந்த சிறந்த எதிர்காலத்தைத் துறந்து, நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறித் திரும்பிய பின்பும் அவர் அங்கேயே நிலைத்தார். அவரிடம் வந்தவர்களுள் குடற்புண்ணால் வருந்தியவர் மிகப் பலர். உணவு செல்லும் வழியை மாற்றியமைக்கும் அறுவையால் அவர் பலருடைய வேதனையைப் போக்கினார். இரைப்பை அறுவை பற்றி நூலும் எழுதினார்.

ஏழைகளின் உணவுக்கும் இப்புண்ணுக்கும் தொடர்புண்டு என்று அக்காலத்தவர் கருதினர். குன்னூரில் உணவாராய்ச்சி செய்த இராபர்ட் மெக்காரிசன், பல நாட்டு மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் செழித்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவை உண்ட எலிகளிற் சில இரைப்பைப் புண்ணால் வருந்தின. எனினும், உணவு மட்டுமே காரணம் அன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1982-இல் ஆஸ்திரேலியரான இராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரே பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் எனக் காட்டினர்; 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். இன்று பலர் அறுவையின்றி மாத்திரைகளாலேயே குணமடைகின்றனர்.

இவ்வரலாறு முடிக்கும் ஒரு பாடம் சொல்கிறது. ஆறாத புண்ணிலிருந்து சிறிது சிறிதாக இரத்தம் கசிந்தால் இரும்புச்சத்துக் குறையும். முன்சிறுகுடலைத் தவிர்த்து உணவு செல்லுமாறு அறுவை செய்யப்பட்டவர்க்கும் அச்சத்துச் சேர்வது குறையும். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோல்வழியே புகும் கொக்கிப்புழு, சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இங்ஙனம் சோகை வந்தவரின் முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், முடியும் மெலியக்கூடும். எண்ணெய்ப் புட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்துகொண்டிருக்க, உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். அழகு குறைகிறதே என்று வருந்தியவர் உயிருக்கு வந்த எச்சரிக்கையைக் கவனியாமல் விடுவதே இதில் உள்ள பெருந்தீங்காகும். 2015 முதல் பள்ளிகளில் வழங்கப்பட்டு வரும் குடற்புழு நீக்க மாத்திரையின் அருமை இதனால் விளங்கும்.

புரதப் பஞ்சம் குழந்தைகளின் தலையிலேயே தன் வரலாற்றை எழுதிவிடுகிறது. 1933-இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில், கால் வீங்கி முடி செம்பட்டையான குழந்தைகளைப் பற்றி எழுதினார். மாவுணவு மட்டுமே உண்டு வாடிய குழந்தைகள் அவர்கள். உணவு கிடைத்த காலத்தில் வளர்ந்த முடி கறுத்தும், கிடைக்காத காலத்தில் வளர்ந்த முடி வெளிறியும், ஒரே இழையில் பட்டை பட்டையாகத் தோன்றுவதும் உண்டு. அதனை மருத்துவர் கொடிக்குறி என்பர். சேலத்தில் பிறந்த உணவியல் அறிஞர் கோபாலன் இந்நாட்டுக் குழந்தைகளிடையே அந்நோயை ஆராய்ந்து புகழ்பெற்றார். பிற்காலத்தில், 1969-இல், நாகர்கோவில் மக்கள் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்த காமராசர், 1956-இல் முதலமைச்சராக இருந்து விரிவாக்கிய பகலுணவுத் திட்டம், இத்தகைய குழந்தைகளின் பசியை நோக்கியே எழுந்தது.

முடி உதிர்வதெல்லாம் வயிற்றின் குற்றம் என்று முடிவு செய்தலும் பிழை. பரம்பரை வழுக்கைக்கு உணவு காரணமன்று. தைராய்டுக் குறை, தலைத்தோல் நோய், கடும் மனவருத்தம், சில மருந்துகள் ஆகியனவும் முடியைக் குறைக்கும். எனவே, நெடுநாள் முடி உதிர்ந்தாலும், அதனோடு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, களைப்பு ஆகியன சேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டுதலே அறிவுடைமை. காரணம் அறியாமல் சத்து மாத்திரைகளை விழுங்குதல் நன்றன்று.

நாஞ்சில் நாட்டின் சமையலறையில் குறை தீர்க்கும் பொருள் இல்லாமல் இல்லை. கடல் தரும் சாளை மீன் விலை மலிந்தது, புரதம் நிறைந்தது. மரச்சீனியோடு மீன்குழம்பைச் சேர்த்து உண்ணும் வழக்கம் கிழங்கின் குறையை மீன் நிறைக்கும் நல்ல வழக்கமே. மீன் உண்ணாதவர்க்குப் பயறும் பருப்பும் பாலும் தயிரும் உள. முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்தால், கீரையின் இரும்பைக் குடல் எளிதில் ஏற்க நெல்லியின் புளிப்புத் துணைசெய்கிறது. உணவுண்டவுடன் தேநீர் பருகினால் அப்பயன் குறைகிறது. நன்றாக மென்று உண்ணுதல், கொதித்தாறிய நீர் பருகுதல், உண்ணுமுன் கை கழுவுதல், காலணியுடன் நடத்தல் ஆகியவை செலவு மிகாத காப்புகள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டுவதில்லை என்பதே அவர் கருத்து. அவ்வுண்மையைத் தோவாளைத் தோட்டக்காரனும் தன் தொழிலில் நாள்தோறும் காண்கிறான். வேர் செழித்தால் கொடி செழிக்கும். கொடி செழித்தால் பூ மலரும். குடல் நலமுற்றால் இரத்தம் வளம்பெறும். இரத்தம் வளம்பெற்றால், அப்பூவைச் சூடும் குழலும் தன் இயல்புக்கேற்பச் செழிக்கும்.