குச்சிக்கிழங்குச் சீமையில் தென் அமெரிக்கத் தாள்கள்

சேலத்திலிருந்து தெற்கே இராசிபுரம் செல்லும் சாலையில், மல்லூரைக் கடந்ததும் இடப்புறத்தே போதமலை எழுந்து நிற்கக் காணலாம். அதன் அடியில் விரிந்து கிடக்கும் சமவெளியெங்கும், விரித்த கைவிரல்கள் போன்ற இலைகளோடு ஆள் உயரத்துக்கு நிற்பது மரவள்ளி. எங்கள் பக்கத்து மக்கள் வாயில் அது குச்சிக்கிழங்கு. சேகோ ஆலைகளின் களங்களில் ஈர மாவு வெயிலில் காயும்போது, தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு யாரோ நூறு வேட்டிகளை உலர்த்தியிருக்கிறார்கள் என்றே தோன்றும். அருகே சென்றால்தான் திப்பியின் புளித்த வாடை உண்மையைச் சொல்லும்.

இந்தச் செடி நம் மண்ணுக்குரியதன்று. தென் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943-44ஆம் ஆண்டுகளில் இக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் தொடங்கியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதே கண்டத்தில் விளைந்த வேறொரு பொருளையும் இச்சமவெளியின் ஒரு வீட்டில் கண்டேன். அதைப் பற்றி எழுதவே இப்போது பேனாவை எடுத்தேன்.

இராசிபுரத்துக்குக் கிழக்கே, நாமகிரிப்பேட்டை மஞ்சள் வயல்களை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர், தென் அமெரிக்க நாடுகளின் பழைய பண நோட்டுகளைச் சேர்த்து வருகிறார். பொலிவியாவில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர், 1987ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மடலுக்குள் வைத்தனுப்பிய ஒற்றைத் தாளே இதற்கு வித்து. அது பத்தாயிரம் பெசோ நோட்டு. அதன்மேல் 'ஒரு சென்டாவோ' என்று புதிதாக ஒரு முத்திரை! நம் கணக்கில் சொல்வதானால், பத்தாயிரம் ரூபாய்த் தாளின்மேல் 'ஒரு காசு' என்று அச்சடித்தாற்போல.

அவ்வாறு நேர்ந்த கதை துயரமானது. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரிக்க, வரி வருவாயும் வற்றிப்போக, பொலிவிய அரசு செலவுக்கெல்லாம் நோட்டையே அடித்துத் தள்ளியது. 1985இல் விலைவாசி ஓராண்டிலேயே பல ஆயிரம் விழுக்காடு ஏறிற்று. 1987இல் பத்து இலட்சம் பழைய பெசோவுக்கு ஒரு பொலிவியானோ என்று புதுக்கணக்கு எழுதினார்கள். புதிய சில்லறை வந்து சேரும்வரை பழைய தாளின்மேலேயே முத்திரை குத்திப் புழங்கவிட்டார்கள்.

பெரு நாட்டின் பக்கத்தைப் புரட்டினால் ஐம்பது இலட்சம் இன்டி நோட்டு. 1985இல் ஆயிரம் சோலுக்கு ஓர் இன்டி, 1991இல் பத்து இலட்சம் இன்டிக்கு ஒரு நுவோ சோல். ஆக, நூறு கோடி பழைய சோல் சேர்ந்து ஒற்றை நாணயமாகிவிட்டது. அடுத்து 1995இல் வெளிவந்த 200 நுவோ சோல் தாள். அதில் லீமா நகரத்துப் புனித ரோஸம்மாளின் திருமுகம். அமெரிக்கக் கண்டத்தின் முதற்புனிதையான அவரைப் பண நோட்டில் கண்டபோது, ஏழ்மையை விரும்பி ஏற்ற அந்தக் கன்னிகை இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிரேசில் நோட்டுகளில்தான் நான் நெடுநேரம் நின்றேன். 1986 முதல் அந்நாட்டுத் தாள்களில் 'இறைவன் புகழப்படுவாராக' என்னும் பொருள்படும் போர்த்துகீசியச் சொற்கள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. இறைவனைப் புகழ்ந்ததனால் பணம் நிலைத்துவிடவில்லை! 1986இல் குருசாடோ, 1989இல் புதிய குருசாடோ, 1990இல் மீண்டும் குருசேரோ, 1993இல் குருசேரோ ரெயால், 1994 ஜூலையில் ரெயால் என எட்டாண்டுகளில் ஐந்து பெயர்கள். 1989ஆம் ஆண்டின் நூறு புதிய குருசாடோ நோட்டில் கவிஞர் செசீலியா மெய்ரேலஸ் காட்சி தருகிறார். இவர் 1953இல் நம் நாட்டுக்கு வந்து, இந்தியாவைப் பற்றியே ஒரு தொகுதி கவிதை பாடியவர். மறு ஆண்டே அவர் முகமிருந்த தாளிலும் குருசேரோ முத்திரை விழுந்துவிட்டது.

இத்தகைய நோட்டுகள் மலை மலையாக அச்சடிக்கப்பட்டதால், மடிப்புப்படாத புத்தம் புதுத் தாள்கூட மலிவாகவே கிடைக்கும் என்கிறார் ஆசிரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனியார் வங்கிகள் வெளியிட்டவையும், நியூயார்க்கிலும் இலண்டனிலும் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவையுமே அருமையானவை. அவற்றுள் அவரிடம் இருப்பவை நான்கே நான்கு. மலிவான பிளாஸ்டிக் உறைகளை அவர் தொடுவதில்லை. கசங்கிய நோட்டுக்கு இஸ்திரி போடுவோரையும், கிழிசலுக்குப் பசைத்தாள் ஒட்டுவோரையும் நினைத்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"குச்சிக்கிழங்கை டன் கணக்கில் பேசினாலும், மாவுப் பாயிண்டு பார்த்துத்தானே ஆலைக்காரர் பணம் தருகிறார், சாமி? நோட்டுக்கும் பாயிண்டு உண்டு. அதை மட்டும் நோட்டின்மேல் அச்சடிப்பதில்லை" என்றார் அவர். இருபது பாயிண்டுக்கும் முப்பது பாயிண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் கடனில் விழுந்த உழவர்கள் வாழும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இது ஏதோ கடல் கடந்த நாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கவும் இயலாது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. மாற்றிக்கொள்ளத் தந்த தவணை அவ்வாண்டு டிசம்பரோடு முடிந்தது. விலையேற்றத்தால் கரைவது வேறு, அரசாணையால் செல்லாமற்போவது வேறு. ஆயினும் வங்கியை அறியாத முதியவர் கையில் இரண்டும் ஒன்றுதான்.

அவ்வூரிலேயே 2018இல் ஒரு பாட்டி இறந்தார். ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது, மஞ்சள் பானைக்குள் துணி முடிச்சில் பதினேழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அகப்பட்டன, 8,500 ரூபாய். பத்துக்கு மேற்பட்ட செல்லாத நோட்டுகளை ஒருவர் வைத்திருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்காகவும் நாணயவியலுக்காகவும் இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம். எரித்துவிட மனம் வராத மருமகள், அந்த முடிச்சை ஆசிரியரிடம் கொண்டுவந்து தந்தார்.

பொலிவியாவின் ஏட்டுக்கு அடுத்த ஏட்டில் அவை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு நோட்டின் கீழும் நாடு, ஆண்டு, மதிப்பு ஆகியவற்றைத் தமிழில் சிறு சீட்டாக எழுதி வைப்பது ஆசிரியரின் வழக்கம். இங்கே அந்தப் பதினேழுக்கும் சேர்த்து ஒரே சீட்டுத்தான். பாட்டி எதற்காகச் சேர்த்தார் என்று மருமகளிடம் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்: 'தன் அடக்கச் செலவுக்கும், முப்பதாம் நாள் பூசைக்கும்.'