மதிலுக்குள் அடைபட்ட சகோதரன்



கடந்த வாரம் மயிலாடுதுறையில் பேருந்து மாறித் தரங்கம்பாடிக்குச் சென்றேன். மனம் பாரமாயிருந்தது. சபைக் கணக்குக் கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசிய சகோதரர் ஒருவரின் வீட்டுக்கு ஓராண்டாக நான் செல்லவில்லை. அவரே வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றிருந்தேன்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனிஷ்காரர், மிளகு வணிகத்துக்காக இக்கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். துறைமுக நகரைச் சுற்றியும் மதில் எழுந்தது. கோட்டையின் கீழ்த்தளத்து அறைகள் கிடங்குகளாகவும் சிறையாகவும் இருந்தன.

1706 ஜூலை 9ஆம் நாள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் இங்கே வந்து சேர்ந்தனர். 1708இல் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். சில வாரங்களுக்குள் அவரைச் சிறையில் அடைத்தவர் தஞ்சை மன்னர் அல்லர். டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ். ஏறக்குறைய நான்கு மாதங்கள் அவர் இக்கோட்டையில் அடைபட்டிருந்தார். பகைவரைத் தடுக்கக் கட்டிய மதில், சொந்தச் சகோதரனையே உள்ளே வைத்துப் பூட்டியது.

அந்த இருண்ட அறையருகே நின்றபோது என் இருதயம் குத்துண்டது. பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்று எபேசியர் 2:14ஐ எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அந்த ஆளுநரின் சாவி என் கையிலும் இருந்ததே.

விடுதலையான சீகன்பால்கு கசப்போடு ஊர் திரும்பிவிடவில்லை. பணியைத் தொடர்ந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மறு ஆண்டே அவர் மரித்து அதனுள் அடக்கம் செய்யப்பட்டார். 1845இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கோட்டை இன்று அருங்காட்சியகம். ஆலயத்திலோ இன்றும் ஆராதனை நடைபெறுகிறது.

அன்று மாலை குத்தாலத்தில் இறங்கியதும் நேரே அச்சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். "என்னை மன்னியுங்கள், தம்பி" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "உள்ளே வாருங்கள், ஐயா" என்றார். கணக்கில் எங்கள் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் மதிலுக்குள் அடைபட்டிருப்பவர் யார்? இந்த வாரமே அவரிடம் செல்லுங்கள். சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.