வெறுங்கால் சிறுவனின் ஊர்

ஹிரோஷிமாவுக்குப் போனால் டாக்ஸி வைத்துக்கொள்ளாதீர்கள். டிராமில் ஏறுங்கள். 1945-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி காலை 8-15 மணிக்கு இந்த ஊரின் மேல் அணுகுண்டு வெடித்தது. மூன்றாம் நாளே ஊரின் ஒரு பகுதியில் டிராம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது! அப்படிப்பட்ட ஊர் இது.

ஆற்றங்கரையில் ஓர் இடிந்த மண்டபம் நிற்கிறது. 1915-ல் கட்டியது. உச்சியிலே கூரை பறிபோன கும்மட்டத்தின் இரும்புச் சட்டங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் மரமும் புல்லுமாகப் பெரிய பூங்கா. "அடடா, என்ன அழகு!" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இது பூங்காவாக இருந்த இடமல்ல. நாகாஜிமா என்ற ஜன நெருக்கமுள்ள கடைத் தெரு. இங்கே மிஞ்சியது ஒரே ஒரு கட்டடம். 1929-ல் கிமோனோ ஜவுளிக் கடையாகக் கட்டிய அது, இன்று யாத்திரிகர்கள் இளைப்பாறும் விடுதி.

இங்கிருந்து சுமார் ஒரு மைலுக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அன்று அதன் வாசலில் ஆறு வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பெயர், கெய்ஜி நாகாசாவா. வாசலின் கான்கிரீட் சுவர் மறைத்ததால் பிழைத்தான். வீட்டிலோ தகப்பனாரும் அக்காளும் தம்பியும் மாண்டார்கள். நிறை கர்ப்பிணியான தாய் அன்றைக்கே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சில மாதங்களில் அதுவும் கண்ணை மூடிவிட்டது.

பையன் வளர்ந்து, டோக்கியோவில் சித்திரக் கதை வரையும் தொழிலில் இறங்கினான். அணுகுண்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களைக் கண்டாலே விலகிப் போன காலம் அது.

1966-ல் தாய் காலமானாள். நம்மைப் போலவே ஜப்பானியரும் தகனத்துக்குப் பிறகு எலும்பு பொறுக்குவார்கள். மகன் போய்ப் பார்த்தான். சாம்பல்தான் இருந்தது, எலும்பு என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை! குண்டின் விஷம் தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்று அவன் மனம் கொதித்தது. அன்றைக்குத்தான் அவனுடைய தூரிகை பேசத் தொடங்கியது.

1973-ல் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் 'வெறுங்கால் கென்' தொடராக வந்தது. அடுத்த வாரம் கதாநாயகி என்ன ஆவாளோ என்று நீங்கள் காத்திருப்பதில்லையா? அதுபோல ஜப்பானியக் குழந்தைகள் கென்னுக்காகக் காத்திருந்தார்கள். 1983-ல் அது கார்ட்டூன் படமாகவும் வந்தது. பொம்மைப் படம்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்தவர்கள் கண்ணீரோடு எழுந்தார்கள்.

இதையெல்லாம் குழந்தைகளுக்குக் காட்டலாமா? உங்களுக்கு எழும் கேள்வி அந்த ஊரிலும் எழுந்தது. கர்ப்பிணித் தாய்க்குச் சத்தான ஆகாரம் வேண்டுமே என்று கென் அயலார் குளத்து மீனைத் திருடுகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். 2023-ல் ஹிரோஷிமாவின் சமாதானப் பாட நூலிலிருந்தே கென் வெளியேற்றப்பட்டான். எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களும் உண்டு. மீன் திருடியதைப் பார்த்தார்கள். அவன் அம்மாவின் பசியைப் பார்த்தார்களா?

கெய்ஜி நாகாசாவா 2012-ல் மறைந்துவிட்டார். ஆனால் கதை அவரோடு முடியவில்லை. ஃபூமியோ கோனோ என்ற பெண் சித்திரக்காரர், யுத்தத்துக்கு வெகு காலம் பின்பு இதே ஊரில் பிறந்தவர். ரேஷன் அரிசியை எப்படிப் பெருக்கிச் சமைப்பது, பழைய கிமோனோவை எப்படி வெட்டித் தைப்பது என்று கவலைப்படும் சுஸூ என்னும் மருமகளின் கதையை வரைந்தார். அது 2016-ல் திரைப்படமாயிற்று. அதில் சிறுமி சுஸூ கடல்பாசி கொண்டுபோய்க் கொடுக்க வருகிறாளே, அந்தக் கடைத் தெரு எது தெரியுமா? நாகாஜிமாதான்! கிமோனோக் கடையும் ஜன நடமாட்டமுமாகத் தெரு முழுவதும் உயிரோடிருக்கிறது.

எலும்பும் மிஞ்சாத தாயையும், சுவரும் மிஞ்சாத தெருவையும் இந்தச் சித்திரங்களில்தான் இன்று பார்க்க முடிகிறது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த விடுதி வாசலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். புல்தரையின் மேல் கால் வைக்கத் தயங்குவீர்கள்.