மாமா கொண்டுவந்த பச்சைக் கல்

போன வருஷம் நான் எழுதிய ஒரு செய்தி நன்றாக 'ஓடியது'. தாமிரம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கான ஏலம் பற்றிய நாலு வரி அரசு அறிவிப்பு அது. நாலு வரியை யார் படிப்பார்கள்? 'பூமிக்கடியில் தாமிரப் புதையல்... கொட்டப்போகுதா கோடிகள்?' என்று தலைப்பு வைத்தேன். அன்றைக்கு எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்த செய்திகளில் அதுவும் ஒன்று. எனக்கு ஒரே பெருமை!

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கூடூரைத் தாண்டி சைதாபுரம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். மண்ணில் மைக்கா மினுங்கும் ஊர் அது. கைக்குட்டையை அவிழ்த்து, பச்சை படிந்த ஒரு கல்லை மேஜையில் வைத்தார். கூடவே செல்போனையும் நீட்டினார். அதில் என் செய்தி!

"ஏம்மா, நீ எழுதினது இதைத்தானே?"

பக்கத்துக் கொல்லை மூன்று ஏக்கர், மானாவாரி நிலம். 'அடியில் காப்பர் இருக்கு' என்று ஒரு புரோக்கர் இரண்டு பங்கு விலை சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நாலு லட்சம் அட்வான்ஸ். அத்தையின் நகைகளை அடகு வைப்பதாக ஏற்பாடு.

சிப்காட்டில் வயர் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்கு வர்றது பளபளன்னு ராடு. அது கல்லா இருக்கும்போது எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லை" என்றார்.

தாமிரம் பற்றி எழுதிய நானும்தான் பார்த்ததில்லை.

மறுநாள், ஓய்வுபெற்ற புவியியலாளர் ஒருவரிடம் கல்லை எடுத்துப் போனேன். ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. "மலகைட்தான். தாமிரம் இருக்கு" என்றார். எனக்கு மூச்சே வந்தது.

"அவசரப்படாதே. துலக்காத செம்புக் குடத்துல பச்சையா களிம்பு ஏறுமில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி இது. அடியில பித்தளை நிறத்துல சால்கோபைரைட்னு ஒரு தாது இருக்கும். மழைத் தண்ணியும் காத்தும் பட்டு அதிலிருந்து தாமிரம் கரைஞ்சு, பாறை இடுக்குல பச்சையாப் படியும். துளி தாமிரம் போதும், பாறை முழுக்கப் பச்சையாத் தெரியும். களிம்பைப் பார்த்து குடத்தோட எடையைச் சொல்ல முடியுமா?"

நெல்லூர் மாவட்டத்துக்கு இந்தப் பச்சை புதிது இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. 1800-களின் தொடக்கத்திலேயே, கரிமானிபெண்டா என்ற ஊர்ப் பக்கம் தாமிரம் இருப்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் சிலர் வெட்டியெடுத்துக் காசு பார்க்க முயன்றார்கள். எதுவும் நிலைக்கவில்லை. இருநூறு வருஷம் ஆகியும், கரிமானிபெண்டா தாமிரச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊராக ஆகவில்லை.

'இருக்கிறது' என்பதற்கும் 'எடுக்கலாம்' என்பதற்கும் நடுவே எவ்வளவு வேலை! முதலில் பாறைகளை வரைபடமாக்குவார்கள். மண்ணையும் ஓடை மணலையும் சோதிப்பார்கள். பள்ளம் வெட்டுவார்கள். பிறகு துளை போட்டு, உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுத்து, நெடுக்கில் பாதியாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்தத் தேடலுக்கு நம் நாட்டில் ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நாலு படிகள். ஜி4 என்பது முதல் படி. சும்மா எட்டிப் பார்ப்பது. நான் 'புதையல்' என்று எழுதியது அந்த ஜி4-ஐத்தான்.

தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பழைய தென்னார்க்காட்டில் மாமண்டூர். துத்தநாகம், ஈயத்தோடு தாமிரமும் கலந்து கிடக்கும் இடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேடிப் பார்த்து, கணக்கும் போட்டாயிற்று. சுமார் 8 லட்சம் டன் தாது. அதில் தாமிரம் 4,000 டன் அளவுக்குத்தான். 2015 கணக்குப்படி நாடு முழுக்க உள்ள தாமிரத் தாதுவோ 150 கோடி டன்னுக்கும் மேல். அதில் பாதிக்குமேல் ராஜஸ்தானில் இருக்கிறது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நிஜமாவே நிறைய இருந்தாலும், சொந்த நிலம்னு உங்க மாமாவே தோண்டி வித்துட முடியாது. சுரங்கக் குத்தகை வேணும். 2015-லேருந்து அதை ஏலத்துலதான் விடுறாங்க."

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு கூடூருக்கு ரயிலேறினேன். போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அப்போ நீ எழுதினது பொய்யா?" என்றார்.

"பொய் இல்ல மாமா. தேடப் போறாங்கன்னு எழுதணும். கிடைச்சிடுச்சுங்கிற மாதிரி எழுதிட்டேன்."

அத்தை எதுவும் பேசவில்லை. உள்ளே போய் நகைப் பையை பீரோவில் வைத்துப் பூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே புரோக்கரிடம் ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டதை, என்னை ஸ்டேஷனில் விடும்போதுதான் மாமா சொன்னார். அந்தப் பணம் இன்று வரை திரும்பவில்லை.

எடிட்டரிடம் சொல்லித் தலைப்பை மாற்றினேன்: 'தாமிரம் தேட ஏலம்: அடுத்து என்ன நடக்கும்?' நாலு படிகளையும் விளக்கிச் சேர்த்தேன். பழைய தலைப்புக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

கல் இப்போது என் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா திருப்பிக் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது, "இப்போ என்னம்மா எழுதுற?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது எந்த ஜி?" என்றார்.