பாதி ஏற்றத்தில் நின்ற வண்டி

ஊர்க் களியாட்ட விழாக்களில் மரணக் கிணற்றின் விளிம்பில் நின்று, உள்ளே மோட்டார் சைக்கிள் சுழல்வதைக் கண்டு வியந்ததோடு எமது வீரம் முடிந்துவிட்டதென்றே எண்ணியிருந்தோம். எழுபது வயதைத் தாண்டியபின் இங்கிலாந்திலே மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பேரன் எம்மை விட்டானில்லை. "அம்மப்பா, ஒருக்கா என்னோடை ஏறிப் பாருங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்று, ரோலர் கோஸ்டர் என்னும் அந்த வண்டியில் எம்மை இருத்திவிட்டான்.

மார்புக்குக் குறுக்கே இரும்புக் கவசம் இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஏற்றத்தில் சங்கிலி இழுக்க, வண்டி "டக், டக்" என்ற ஓசையுடன் மேலேறியது. வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி, அதன் அடியிலுள்ள நா ஒன்று பாதையின் நடுவேயுள்ள பற்களில் விழுந்து விழுந்து செல்லும் ஓசை அது. லண்டன் பட்டர்சீ பூங்காவில் 1972 மே 30ஆந் திகதி இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்ட வண்டியொன்று, இந்தத் தடுப்பும் உதவாமற்போகவே, பின்னோக்கி ஓடி மோதியதில் 5 சிறுவர் மாண்டனர். இதனை நாம் பின்னரே அறிந்தோம். முன்னர் அறிந்திருந்தால் எந்தப் பேரன் இழுத்திருந்தாலும் ஏறியிரோம்.

பாதி ஏற்றத்தில் ஓசை நின்றது. வண்டியும் நின்றது.

ஐந்து நிமிடம் சென்றது, பத்து நிமிடமும் சென்றது. வானத்தை நோக்கி மல்லாந்த நிலையில் இருப்பது முதுகெலும்புக்கு உகந்ததன்று. பேரனின் முகம் வெளுத்தது. பின்னாசனத்தில் ஒருவர் உரத்துத் திட்டலானார். அப்போது, பாதையோரப் படிகளில் ஓர் இளம்பெண் ஏறி வந்து, ஒவ்வொரு கவசத்தையும் தொட்டுப் பார்த்து, "முன்னே சென்ற வண்டியிலிருந்து ஆட்கள் இன்னும் இறங்கி முடியவில்லை. அதுவரை இது நகராது" என்றாள். இருபது வயதிருக்கலாம். திட்டியவரோடு நாமும் சேர்ந்துகொண்டோம். காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்று எமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டோம். அவள் மறுமொழி கூறாமல் அங்கேயே நின்றாள்.

இதில் வெட்கக்கேடு யாதெனில், நாம் புகையிரத நிலைய அதிபராக முப்பது ஆண்டுகள் கடமையாற்றியவர். ஒற்றைப் பாதையில் 'டப்லெட்' என வழங்கும் வட்டத் தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் வண்டியை எடுக்கலாகாது. இரு நிலையங்களுக்கிடையில் ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டிருக்கும்வரை, இரு பெட்டிகளும் வேறொன்றைத் தரமாட்டா. ஒரு பகுதியில் ஒரு வண்டிதான். ரோலர் கோஸ்டரும் இந்த விதியிலேயே ஓடுகின்றது. தகட்டின் வேலையைக் கணனி செய்கின்றது.

ஒரு மழை இரவில் எமது பெட்டி தகடு தர மறுத்தது. தொலைபேசியும் ஊமையாயிற்று. பாதை வெறுமையாகவே இருக்கின்றதென்று எமக்கு நிச்சயம். பிரயாணிகள் சாளரங்களைத் தட்டிக் கூச்சலிட்டனர். அடுத்த நிலையத்தைக் கேளாமலே அனுமதிச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தோம். முதிய போர்ட்டர் ஒருவர் விளக்கைப் பிடித்தபடி, "ஐயா, பெட்டி இதுக்கு முன்னம் எப்பவாவது பொய் சொன்னதோ?" என்று மாத்திரம் கேட்டார். பேனாவை வைத்துவிட்டோம். உண்மையில் அன்று பாதை வெறுமையாகத்தான் இருந்தது, பழுது பெட்டியில்தான். தாமதத்துக்கு எம்மிடம் விளக்கமுங் கேட்டார்கள்.

அன்று மாலை வீடு திரும்புகையில், காரை ஓட்டிய மருமகன் அல்டன் டவர்ஸ் பூங்காவின் கதையைக் கூறினார். அங்குள்ள 'ஸ்மைலர்' 14 முறை தலைகீழாகப் புரளும் வண்டி. 2015 ஜூன் 2ஆந் திகதி, பலத்த காற்றிடையே, வெறும் வண்டியொன்று சோதனை ஓட்டத்தில் பாதையின் பள்ளத்தில் நின்றுவிட்டது. அன்று பாதையில் ஒரு வண்டி கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பழுது பார்க்க வந்தோருக்கு அது தெரியாது. கணனி, 16 பேர் அமர்ந்திருந்த அடுத்த வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்தியது. பாதை வெறுமை, பிழை கணனியிலே என நினைத்துத் தடையை நீக்கிவிட்டனர். வண்டி பாய்ந்து சென்று மோதிற்று. பதினாறு பேரும் காயமுற்றனர். இளம்பெண்கள் இருவர் ஒவ்வொரு காலை இழந்தனர். அவர்களை மீட்க நாலு மணித்தியாலத்திற்கு மேலாயிற்று. 2016 செப்டெம்பரில் நீதிமன்றம், தொழிலாளரையன்றி, முறையான ஒழுங்கின்றி அவர்களை வேலை செய்யவிட்ட நிறுவனத்தையே குற்றவாளியாகக் கண்டு 50 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. அந்தத் தொழிலாளர் எண்ணியதைத்தானே அந்த மழை இரவில் நாமும் எண்ணினோம்! எம்மருகில் ஒரு போர்ட்டர் நின்றார்.

நாம் நெடுநேரம் வாய்திறக்கவில்லை. உறங்குகின்றானென்று நினைத்த பேரன் பின்னாசனத்திலிருந்து, "அம்மப்பா, அந்த அக்காவிட்டைச் சொறி சொன்னனீங்களோ?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. பூங்கா அதற்குள் இருபது மைல் பின்னால் போய்விட்டது. மருமகன் கண்ணாடியில் எம்மைப் பார்த்துவிட்டு, வானொலியைச் சற்றுக் கூட்டினார்.