பீப்பாய்க்காரர் பட்டறை

அக்டோபர் 4, சனி

ஸ்பிரிங்ஃபீல்டில் மகள் வீட்டிலிருந்து வடமேற்கே இருபது மைல். இலினாய் மாநிலம், மெனார்ட் கவுண்டி. சங்கமன் ஆற்றங்கரை மேட்டில் நியூ சேலம். 1831 முதல் 1837 வரை லிங்கன் இருந்த ஊர் என்பதால் வருகிறவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடுகிறார்கள். எனக்கோ அவரைச் சுற்றி வாழ்ந்த தொழில்காரர்கள் மேல்தான் கண்.

ஊரைத் தொடங்கியது ஒரு ஆலை. ரட்லெட்ஜும் கேம்ரனும் முதலில் ஒரு ஓடைக்கரையில் இடம் பார்த்தார்கள், தண்ணீர் போதவில்லை. ஆற்றுக்கு வந்து, மரப்பெட்டிகளில் கல்லை நிரப்பி அணை கட்டினார்கள். மாவரைக்கவும் மரம் அறுக்கவும் வண்டிகள் வந்தன. முறை வரும்வரை காத்திருப்பவனுக்குக் கடை வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும். 1829-இலேயே மேட்டில் மனை பிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பத்தே வருடம் முன்பு, 1819 ஒப்பந்தத்தில், கிக்கப்பூ மக்கள் இந்த நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. குடியேறியவர்களின் உழைப்பை எழுதும்போது இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மறுபடியும் போனேன். கொல்லர் ஜோஷுவா மில்லரும் ஜாக் கெல்சோவும் சகலைகள். ஒரே கூரை, இரண்டு வீடு, நடுவில் காற்றோட்டமான நடை. ஒருவர் நாளெல்லாம் இரும்படிக்க, மற்றவர் தூண்டிலோடு ஆற்றுக்குப் போயிருக்கிறார். தொப்பி செய்ய வாடெல், செருப்பு தைக்க லூக்கின்ஸ், வைத்தியம் பார்க்க டாக்டர் ஆலன்.

சாமுவேல் ஹில் 1835-இல் போட்ட கம்பளி சீவும் ஆலையில் வெகுநேரம் நின்றேன். நம் ஊர்ச் செக்கில் மாடு சுற்றி வரும். இங்கே சாய்ந்த பெரிய மரச்சக்கரத்தின் மேல் மாடு நின்ற இடத்திலேயே நடக்க, சக்கரம் சுற்றும். வீட்டில் கம்பளியைக் கையால் சிக்கெடுத்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை!

அக்டோபர் 8, புதன்

மழை. எங்கும் போகவில்லை.

ஊர் ஏன் அழிந்தது என்று படித்தேன். 1832-இல் டாலிஸ்மன் என்ற நீராவிப் படகு வந்தபோது, ஆற்றில் வியாபாரம் பெருகும் என்று நம்பினார்கள். தண்ணீர் வற்ற, படகு திரும்புவதற்கே அணையில் ஒரு பகுதியை உடைக்க வேண்டியிருந்தது. 1839-இல் மெனார்ட் தனிக் கவுண்டியாகி, பக்கத்துப் பீட்டர்ஸ்பர்க் தலைமையிடமானது. அந்த ஊருக்கு மனை அளந்து கொடுத்தவரே லிங்கன். தொழில்காரர்கள் பிழைப்பைத் தேடி அங்கே போனார்கள். சிலர் கட்டடத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் 11, சனி

இன்று ஹென்றி ஆன்ஸ்டட்டின் பீப்பாய்ப் பட்டறை. மற்ற வீடுகளெல்லாம் பின்னாளில் திரும்பக் கட்டியவை. இது ஒன்றுதான் அசல். 1835-இல் கட்டி, 1840 வாக்கில் பீட்டர்ஸ்பர்க் போய், 1922-இல் திரும்பி வந்த மரக்கட்டடம். உத்தரத்தில் கோடரி பட்ட தழும்பைத் தடவிப் பார்த்தேன்.

மாவும் உப்பிட்ட பன்றிக்கறியும் கொழுப்பும் வெளியூர் போகப் பீப்பாய் வேண்டும். ஓக் மரத்தைப் பிளந்து, நடு அகன்று முனை குறுகும்படி ஒவ்வொரு பலகையையும் இழைக்க வேண்டும். வட்டமாக நிறுத்தி, உள்ளே தீ மூட்டி, சூட்டில் வளைத்து, வளையம் இறக்க வேண்டும். ஆணி இல்லை, பசை இல்லை. ஈரத்தில் மரம் ஊறி இடுக்கு அடைத்துக்கொள்ளும். அளவு மயிரிழை பிசகினாலும் ஒழுகும்.

இங்கே சீவல் எரியும் வெளிச்சத்தில் லிங்கன் இரவில் படித்தார் என்று சொல்வார்கள். அந்தச் சீவல், ஆன்ஸ்டட் பகலெல்லாம் இழைத்து விழுந்தது. தகவல் பலகையில் இதையும் எழுதி வைக்கலாம்.

ஆன்ஸ்டட்டின் மகன் 1902-இல் மெனார்ட், மேசன் கவுண்டிகளின் முன்னோடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். மகளிடம் தேடச் சொல்லியிருக்கிறேன்.